எங்கள் வீட்டுத் திருட்டு அலாரத்தின் கோட் எண்ணை எங்களிடமே கொடுங்கள்

அலாரம் பொருத்தித் தந்த நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நாலு தடவை போன், இரண்டு மெயில், ஒரு தடவை நேரிலும் வந்தாயிற்று. கதை உங்களுக்குத் தெரியும், அதனால் மறுபடி முதலிலிருந்து சொல்லவில்லை. போன வருடம் நாங்கள் வாங்கிய வீட்டில் ஏற்கெனவே உங்கள் அலாரம் இருந்தது. தினமும் அலாரத்தைப் போட்டு அணைக்கிற எண்ணை, அதாவது யூசர் கோட், வீடு விற்றவர் கொடுத்துவிட்டார். அலாரத்தின் செட்டிங்கை மாற்றத் தேவையான இன்ஸ்டாலர் கோட் மட்டும் உங்களிடம் இருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

சும்மா உட்கார்ந்துகொண்டு கேட்கவில்லை, என்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டுத்தான் கேட்கிறேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே 12 வோல்ட் பேட்டரி உப்பிப் போய்க் கிடந்தது. அதாவது கரண்ட் போனால் அலாரமும் போய்விடும், திருடன் மெயினை அணைத்துவிட்டு நிதானமாக வரலாம். 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி புதிதாக வாங்கி நானே மாட்டினேன். யூசர் கோட் 1234 என்று இருந்ததை மாற்றினேன். பின்வாசல் கதவுக் காந்தம் தளர்ந்து தொங்கியது, திருகி இறுக்கினேன். ஹால் சென்சாரில் கூடு கட்டியிருந்த சிலந்தியையும், அதன் மேலேயே குடித்தனம் நடத்திய பல்லியையும் காலி செய்தேன். அலாரம் அடித்தால் போன் செய்வதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் சிம் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தது, என் பெயரில் ஒன்று வாங்கிப் போட்டேன். அதற்கு மேல் எதைத் தொட்டாலும் இன்ஸ்டாலர் கோட் கேட்கிறது.

என் அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி, அதனால் கீழ் அறையில்தான் படுக்கிறார். பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் மாடியில் தூங்கியதால், நைட் மோடில் கீழ் ஹால் சென்சாரும் விழித்திருக்கும்படி நீங்கள் செட் செய்து வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு அது சரி. எங்களுக்கு? ராத்திரி இரண்டே முக்காலுக்கு அம்மா பாத்ரூம் போக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நாலு அடி வைத்திருக்கிறார், சைரன் அலறிவிட்டது. நான் மாடியிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "நான் எதையும் தொடலைப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் வீட்டில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல.

அந்த நேரத்தில் பெட்டி எனக்குப் போன் செய்யவில்லை, பெங்களூரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய உரிமையாளருக்குச் செய்தது. "சார், உங்க வீட்டு அலாரம் அடிக்குது போல" என்று அவர்தான் என்னை அழைத்துச் சொன்னார். அந்த எண்ணை மாற்றவும் அதே கோட்தான் வேண்டும். இப்படி மூன்று ராத்திரி. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது, எதிர்வீட்டுக்காரர் அதை இன்னும் படிக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

உங்கள் ஆபீசில் என்ன சொன்னார்கள்? "செக்யூரிட்டி காரணமா கோட் தர மாட்டோம் சார், ஏ.எம்.சி. போடுங்க, ஆள் வருவார்." ஏ.எம்.சி. என்றால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். சரி, செக்யூரிட்டி என்றால் நானும் மதிக்கிறேன். ஆனால் விசிட் சார்ஜ் வாங்கிக்கொண்டு ஒரு தம்பி வந்தாரே, கீபேடை முதுகால் மறைத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தவர், "ஏ.எம்.சி. இல்லாம எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று கிளம்பும்போது வாய் தவறி ஒன்று சொன்னார்: "எல்லா வீட்டுக்கும் ஒரே கோட்தான் சார், அதான் வெளிய சொல்றதில்ல." தயவுசெய்து அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள், உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். உங்களிடம் வேலை பார்த்து நின்றுபோன ஒவ்வொருவருக்கும் இந்த ஊரில் உங்கள் அலாரம் இருக்கிற அத்தனை வீட்டின் கோடும் தெரியும், வீட்டில் இருக்கிற எனக்கு மட்டும் தெரியக் கூடாது. கதவு செய்து மாட்டிய ஆசாரி ஒரு சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டு போனால் விடுவோமா? பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, இணையத்தில் இணையும் வீட்டுச் சாதனங்களை ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டோடு விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று நம் போலீஸ் சொல்கிறது, சொல்லலாம்தான், அலாரக் கம்பெனியிலிருந்து விலகியவர்கள் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்!

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

ஒரே கோட் என்பதால் சொல்ல முடியாது என்றால், ஆளை அனுப்பி என் வீட்டுக்கென்று தனியாக ஒரு கோட் போட்டு, அதை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுங்கள். ஹால் சென்சாரை நைட் மோடிலிருந்து நானே எடுத்துவிடுவேன், போன் எண்ணையும் நானே மாற்றிவிடுவேன். வந்து போகும் கூலியைத் தருகிறேன். ஏ.எம்.சி. வேண்டுமா என்று அப்புறம் பேசலாம். கோட் முதலில்.

இப்போதைக்கு ராத்திரியில் உங்கள் அலாரத்தை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம். அம்மா பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு சில்வர் குடத்தையும் அதன் மேல் இரண்டு டம்ளரையும் அடுக்கிவிட்டுப் படுக்கிறார். கதவை யாராவது தள்ளினால் சத்தம் வரும். இந்த வாரத்துக்குள் ஆளை அனுப்பினால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
அந்த வீட்டின் இப்போதைய உரிமையாளர்