காசம் போன பிறகும் இருமுகிறவர்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவியில் கீழே ஓடுகிற செய்தியை யாரையும் கேட்காமல் தானே படிக்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடும் டெஸ்டை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். யாருடைய ரத்தம் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து, வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கி, காய்ச்சலோடு கிடக்கிறவர் என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம். ஆன்டிபாடியைச் செய்வது நோயாளியின் உடம்பு. அந்த உடம்பே ஓய்ந்து கிடக்கும்போது, பூஞ்சை நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தாலும் ரிப்போர்ட் நெகட்டிவ் என்றே வரலாம். சிலருக்கு அணுக்கள் மீண்டும் ஏறும் சமயத்தில்தான் ஆன்டிபாடி தலைகாட்டும். அதற்குள் மருந்து தொடங்க வேண்டிய நேரம் போய்விடும். அவர்களுக்குக் காலக்டோமன்னான் பார். அது பூஞ்சையின் செல் சுவரிலிருந்தே ரத்தத்துக்கு வருவது. சிடி ஸ்கேனும் உடனே எடுக்க வேண்டும்.

கறுப்புப் பூஞ்சைக்கு இதுவும் உதவாது. 2021 கோடையில் மூக்கிலிருந்து எடுத்த திசுவில், அதைக் கரைத்துப் பூஞ்சையைத் தெளிவாகக் காட்டும் கேஓஹெச் கரைசலை விட்டு, செங்கோணத்தில் கிளை பிரியும் அகலமான இழைகளை ராத்திரியெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் தேடினோம். ரத்தத்தில் பார்க்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

உன் காச வார்டின் கதை வேறு. காசம் குணமாகி, நுரையீரலில் குழி மட்டும் மிஞ்சியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். அந்தக் குழியில் அஸ்பர்ஜில்லஸ் மாதக்கணக்கில் தங்கினால் உடம்பு ஆன்டிபாடியைக் கொட்டித் தீர்த்துவிடும். நாள்பட்ட நோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகை பாசிட்டிவ். ரத்தத்தில் காலக்டோமன்னான் பார்த்தால் இவர்களில் பலருக்கு நெகட்டிவ்தான் வரும்.

இது புதிய சங்கதியும் இல்லை. பிரிட்டனில் காசத்துக்குப் பின் குழி மிஞ்சிய 544 பேரைப் பரிசோதித்து 1968இல் வெளியிட்டார்கள். கால்வாசிப் பேரின் ரத்தத்தில் அஸ்பர்ஜில்லஸ் ஆன்டிபாடி இருந்தது. அப்போது அகர் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில்தான் பார்ப்பார்கள். நாமும் கல்லூரியில் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜெல்லியில் வெட்டிய ஒரு குழியில் சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீர்), பக்கத்துக் குழியில் பூஞ்சைச் சாறு. இரண்டு மூன்று நாள் கழித்துத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால், இரண்டும் சந்தித்த இடத்தில் முடிபோல ஒரு வெள்ளைக் கோடு. இப்போது அதே ஆன்டிபாடியைச் சின்ன டெஸ்ட் பட்டையில் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ரத்தத்தை அனுப்பத்தான் ஆள் இல்லை.

உன் லாரி டிரைவர் விஷயத்தைப் படித்ததும் மனசு ஆறவில்லை. சளியில் காசக் கிருமியைத் தேடும் சிபிநாட் டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் நெகட்டிவ். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து மூன்று முறை காச மருந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னமும் ரத்தமாகத் துப்புகிறார். இப்படி எத்தனை பேர் தேவையில்லாமல் மருந்தை விழுங்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள்! ஒரே ஒரு டியூப் ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பினால் போதும், இவர்கள் வழி மாறிவிடும்.

ஆனாலும் பாசிட்டிவ் என்ற ஒன்றை வைத்தே முடிவு கட்டிவிடாதே. ஆஸ்துமாக்காரர்களுக்கும் இந்த ஆன்டிபாடி ஏறியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் தொந்தரவு, சிடியில் குழியோ பூஞ்சைப் பந்தோ, காசம் இல்லை என்ற உறுதி, இவற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம் பலமாக இருந்தால் சளியிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பு. இந்த டெஸ்டுகள் பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸில் ஃபியூமிகேட்டஸ் என்ற இனத்தை வைத்துச் செய்தவை. நம் நாட்டில் ஃபிளேவஸ் என்ற இனமும் நிறைய. அது சில சமயம் தப்பிவிடும்.

நோய் உறுதியானால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. ஆறு மாதம் கொடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கும், ஒரு வருடம் கொடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியதாகச் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் கண்டார்கள். அதனால் பாதியில் நிறுத்தாதே. கேப்சூல் என்றால் சாப்பிட்ட உடனே போடச் சொல். காச மருந்தான ரிஃபாம்பிசின் ஓடிக்கொண்டிருந்தால் இட்ராகோனசோல் ரத்தத்தில் நிற்கவே நிற்காது. காச மருந்தையும் இதையும் ஒன்றாக எழுதிவிடாதே.

உன் லாரி டிரைவரின் ரத்தத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பு. சீரமாகப் பிரித்து ஐஸ் பேக்கில் வைத்தால் நல்லது. கூடவே சிடி ரிப்போர்ட்டும், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் விவரமும் ஒரு தாளில் இருக்கட்டும்.

அன்புடன்,
முருகேசன்