படத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு, வணக்கம்.

வேலூருக்கு அருகிலுள்ள எங்கள் கம்மவான்பேட்டையில் வீடு வீடாக வந்து பழைய பட்டாளத்துப் படங்களை வாங்கிச் சென்றதும், பதினைந்து நாளில் திருப்பித் தருவதாகச் சொன்னதும், அதன்பின் ஒன்பது மாதங்கள் ஓடிவிட்டதும் தாங்கள் அறியாதவை அல்ல. என் தந்தையாரின் பதினொரு படங்களின் அசலைத் தருமாறு நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

அவற்றில் பதக்கமோ அணிவகுப்போ கிடையாது. லங்கர் என்னும் பட்டாளத்துச் சமையற்கூடத்தின் வாசலில் உருளைக்கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தோல் சீவுகிறவர்கள், வெள்ளை எழுத்தில் எண்ணும் பெயரும் தீட்டிய கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல் இன்லேண்டு லெட்டரை வைத்து எழுதுகிறவர், கொசுவலைக் கயிற்றில் காயும் பனியன்கள், இவ்வளவுதான். ஒரு படத்தில், சிப்பாய்கள் தங்கும் பாரக்குக்கு வெளியே ஸ்டூலில் அமர்ந்து முடிவெட்டிக்கொண்டு சிரிக்கும் இளைஞர் 1971 போரிலிருந்து திரும்பாதவர். அவருடைய மனைவி எங்கள் தெருவில்தான் இருக்கிறார். கணவர் சிரிக்கும் படம் வேறொன்று இல்லாததால், தீபாவளிதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். இந்த ஆண்டும் வந்தார். படம் செருகும் நான்கு கறுப்பு முனைகள் மட்டும் எஞ்சிய பக்கத்தைக் காட்ட மனமில்லாமல், ஆல்பம் பரணில் இருப்பதாகப் பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படத்தின் கீழ், ‘அடையாளம் தெரியாத சிப்பாய்’ என்று எழுதி வைத்திருந்தீர்கள். திருப்பிப் பார்த்திருந்தால் பெயர், ஊர், நாள் மூன்றும் என் தந்தையாரின் கையெழுத்தில் கிடைத்திருக்கும். இப்போது ஸ்கேன் பிரதி தருவதாகச் சொல்கிறீர்கள். ஸ்கேன் செய்ததோ முன்பக்கத்தை மட்டும்.

உருளைக்கிழங்கு சீவுவதில் என்ன வரலாறு என்று தங்களில் ஒருவர் கேட்டார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததற்கு, தலையில் எதை அணிவது, தாடியை மழிப்பதா, நெற்றியில் குறி இடலாமா என்ற பாரக்குச் சங்கதிகளும் காரணம் என்பதை வேலூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூலை வந்தால் நினைவுத் தூணுக்கு மாலை போட மட்டும் நாம் மறப்பதில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். அனுப்பிவைக்க ஆள் இல்லையென்றால், ஒரு நாளைக் குறிப்பிட்டால் போதும், நானே பேருந்தேறி வந்து அசல் படங்களை வாங்கிக்கொள்கிறேன். பதினொன்றையும் தேடி எடுக்க நாளாகுமானால், முடிவெட்டிக்கொள்ளும் அந்த ஒரு படத்தையாவது பொங்கலுக்குள் தந்துவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள்,
கம்மவான்பேட்டை