‘இந்த எட்டு வருஷமும் என்ன செய்தீர்கள்?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021-ல் இங்கே சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு மருந்து நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவரும் பெண்தான், என் வயதுதான் இருக்கும். என் சிவியின் இரண்டாம் பக்கத்தில் ‘தொண்டூழியம்’ என்ற தலைப்பின் கீழ் ஆறு வரி எழுதியிருந்தேன். ஆறையும் பேனா முனையால் ஒரே இழுப்பில் தாண்டிவிட்டு, “நல்ல பொழுதுபோக்கு” என்று சிரித்தார். அப்புறம் கேட்டார்: “சரி, வேலையை விட்ட இந்த எட்டு வருஷமும் என்ன செய்தீர்கள்?”

அவர் தாண்டிப்போன ஆறு வரிதான் அதற்குப் பதில். திரும்ப எடுத்துச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். 2013 வரை மருந்துத் தரச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஊசி வழியாக உடம்புக்குள் போகிற மருந்து எதுவும் எண்டோடாக்சின் சோதனை முடியாமல் வாசலைத் தாண்டாது. எண்டோடாக்சின் என்பது சில வகை பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் நச்சு. பாக்டீரியாவைக் கொதிக்கவைத்துக் கொன்றாலும் அந்த நச்சு மிஞ்சிவிடும். இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வரும், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. அதைக் காட்டிக்கொடுப்பது குதிரைலாட நண்டின் நீல இரத்தம். அதன் அணுக்களிலிருந்து எடுத்த கரைசலை மருந்தோடு கலந்து, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைப்போம். பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்ப்போம். உள்ளே இருப்பது கெட்டித் தயிர் போல அடியிலேயே ஒட்டி நின்றால் நச்சு இருக்கிறது என்று பொருள். வழிந்தால் நிம்மதி. கவிழ்க்கும்போது கை நடுங்கக்கூடாது. நடுங்கினால் உறைந்தது உடைந்து, கெட்ட மருந்தும் நல்ல மருந்தாகத் தெரிந்துவிடும். இதை ஆறு வருஷம் செய்தேன். அந்த நண்டை மட்டும் ஒருமுறைகூட உயிரோடு பார்த்ததில்லை.

இரண்டாவது பிள்ளை குறைமாதத்தில் பிறந்தான். அதே சமயம் மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வேலையை விட்டேன். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை.

2016-ல் புளோக்கில் கீழ்வீட்டு அக்கா ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டாய் சேற்றுப்பரப்புக்கு என்னைக் கூட்டிப்போனார். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் குதிரைலாட நண்டுகளைக் கணக்கெடுக்கவும், கைவிடப்பட்ட மீன்வலைகளில் சிக்கியவற்றை விடுவிக்கவும் போகிற இடம் அது. தண்ணீர் வற்றிய நேரம். ஒரு காலை வைத்தால் மறு காலைச் சேறு விடாது. அங்கேதான் முதல்முதலாக என் பழைய முதலாளியைக் கையில் எடுத்தேன் (அப்படித்தான் எனக்குத் தோன்றியது!). கவிழ்த்த சட்டி மாதிரி ஓடு, பின்னால் ஒரு குச்சி வால். மலாயில் பெலாங்காஸ். பெயரில்தான் நண்டு, உறவுமுறையில் சிலந்திக்குத்தான் நெருக்கம். வாலைத் தடவிப் பார்த்தால் இனம் தெரியும்: உருண்டையாக இருந்தால் சதுப்புநில வகை, மூன்று பட்டையாக இருந்தால் கடலோர வகை. திருப்பிப் போட்டு முன்கால்களைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். காலிப்பர் என்ற அளவுக்கருவியால் ஓட்டின் அகலத்தை அளந்து, எழுதிக்கொண்டு, திரும்ப விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் முறை போனபோது ஒரு சிக்கல். ஒரே நண்டை நானும் இன்னொருவரும் அளந்தோம், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. அவர் பக்கவாட்டு முள்ளையும் சேர்த்து அளந்திருந்தார். அன்றிரவு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று படம் போட்டு அரைப்பக்கம் எழுதினேன். மறுநாள் லேமினேட் செய்து, அடுத்த முறை எல்லார் கையிலும் ஒன்று கொடுத்தேன். சோதனைக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் எழுதிய செயல்முறையைத்தான் பின்பற்றினேன். நானே எழுதிய முதல் செயல்முறை சேற்றுக்காக எழுதியது. அப்புறம் கடல்மட்ட அட்டவணை பார்த்து நாள் குறிப்பது, பத்துப் பன்னிரண்டு பேரைப் பிரித்து அனுப்புவது, வந்த எண்களைக் கணினியில் ஏற்றிப் பிழை பிடிப்பது, தொடக்கநிலை நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குவது என்று வேலை கூடிக்கொண்டே போனது. வேலையில் இருந்திருந்தால் இதற்கெல்லாம் ‘மேற்பார்வைத் திறன்’ என்று பெயர் வைத்து இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிங் ஜியாக் லிங் என்ற பெண்மணியும் அவரோடு சக ஆய்வாளர் ஹோ போவும் சேர்ந்து, நம் சதுப்புநில நண்டிலிருந்தே அந்தச் சோதனைக்கு ஆதாரமான, நச்சைக் கண்டதும் உறைதலைத் தொடங்கிவைக்கும் ‘காரணி சி’ என்ற புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். நண்டின் இரத்தமே இல்லாமல் சோதனை செய்ய வழி பிறந்தது அதனால்தான். ஐரோப்பிய மருந்துத் தர நூலில் அந்த முறை நடப்புக்கு வந்தது 2021 ஜனவரியில். என்னிடம் ‘பொழுதுபோக்கு’ என்று சொன்ன அதே ஆண்டு. அந்த நிறுவனத்தின் சோதனைக்கூடத்திலும் எண்டோடாக்சின் சோதனைதான் நாள்தோறும் நடக்கிறது. உலகமே பயன்படுத்துகிற ஒரு முறை நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சேற்றிலிருந்து வந்தது என்பதை நம் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

‘எட்டு வருஷம் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்வி புதிதல்ல. 1979 முதல் இங்கே மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று வரம்பு இருந்தது. கல்யாணம், பிள்ளை என்று பெண் மருத்துவர்கள் வேலையை விட்டுவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த வரம்பு 2003-ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கையிலிருந்துதான் நீங்கியது. வரம்பு போய்விட்டது, ஆனால் அந்தக் கணக்குப் போடும் மனம் இன்னும் சில நேர்முக அறைகளில் உட்கார்ந்திருக்கிறது.

உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024-ல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன்பயிற்சித் திட்டக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்கள். தந்தையர் விடுப்பு நான்கு வாரமாகியிருக்கிறது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டால் முதலாளி முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரிலிருந்து வழிகாட்டி நெறிமுறை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வழியாக நான் சேர்ந்த ஒரு வகுப்பில் பைப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) எப்படிப் பிடிப்பது என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது வகுப்பு அல்ல, நான் ஏற்கெனவே செய்த வேலைக்கு ஒரு தாள்.

தொண்டூழியம் முடிந்ததும் பல இடங்களில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். ‘இன்னார் பங்கேற்றார், நன்றி’, பக்கத்தில் ஒரு பூ. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எத்தனை மணி நேரம், எந்தப் பொறுப்பு, என்ன கருவி, எத்தனை பேரை நடத்தினார், அவர் சேகரித்த தரவு எதற்குப் பயன்பட்டது என்று அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். நான் பிறகு வாய்விட்டுக் கேட்டேன், ஒருங்கிணைப்பாளர் மகிழ்ச்சியாக எழுதிக் கொடுத்தார். இன்றைய வேலை கிடைத்தபோது மேசைமேல் இருந்தது அந்தத் தாள்தான். கேட்கக் கூச்சப்படுகிற பெண்களுக்கு, கேட்காமலே கிடைக்க வேண்டும். அறிவியல் நிலையம், பூங்காக்கள், அரும்பொருளகம், சிண்டா துணைப்பாட வகுப்பு, பள்ளி அறிவியல் போட்டி என்று எங்கே தொண்டூழியர்களைச் சேர்த்தாலும் இதை வழக்கமாக்கலாம். செலவு ஒன்றுமில்லை.

உடனே ஒரு எச்சரிக்கை. தொண்டூழியம் நல்லது என்றதும் சில வேலையிடங்களில் அதைப் பெண்கள் தலையில் கட்டிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகம் பார்க்க வருகிறார்களா, கூப்பிடு அந்தப் பெண்ணை. பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கான அனைத்துலக நாளுக்கு கப்கேக் வாங்க வேண்டுமா, அதுவும் அவள்தான். அதே வாரத்தில் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறவர் வேறு ஒருவர். நான் சொல்வது இதை அல்ல. வேலை நேரத்தில் அலுவலகத்துக்காகச் செய்வது வேலைதான். அதை ஆண்டு மதிப்பீட்டில் எழுத வேண்டும், ஆண்களும் முறைபோட்டுச் செய்ய வேண்டும்.

அப்புறம் நேரம். அறிவியல் துறைப் பெண்களுக்கான சந்திப்புகளுக்கு எனக்கு வந்த அழைப்புகள் பெரும்பாலும் வார நாள் மாலை ஆறரை மணி, ஆய்வு நிறுவனங்கள் இருக்கும் ஒன்-நார்த் பக்கம். ஆறரைக்கு நான் சுவா சூ காங்கில் சாதம் வடித்துக்கொண்டிருப்பேன். வேலைக்குத் திரும்ப வழி தேடுகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிந்தால், அவளுக்கு அந்தச் சந்திப்பே தேவைப்பட்டிருக்காது. சேற்றுக்கு நான் போக முடிந்ததே, கடல் ஞாயிற்றுக்கிழமையும் வற்றியதால்தான்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சிகளுக்கென்று உங்கள் பக்கத்தில் ஒதுக்கும் இடத்தில், பட்டிமன்றம், இசை நிகழ்ச்சிகளோடு அறிவியல் தொண்டூழிய வாய்ப்புகளையும் தமிழில் போடுங்கள். பட்டம் வேண்டுமா வேண்டாமா, எத்தனை மணிக்கு, எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பேருந்து பிடிக்க வேண்டும், இவை இருந்தால் போதும். முடிந்தால் இன்னொரு வரியும் சேருங்கள்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா, கூடாதா.

இதே துறையில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன், அதனால் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுவா சூ காங்