பதினாலு தாளும் ஒரு மாம்பழப் பெட்டியும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு என் இணையத் தளம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. அக்கா மகன், "சித்தி, ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணுங்க" என்றான். பண்ணினேன். அதே பச்சைப் பட்டை, 2002-ல் நான் பெயிண்டில் வரைந்த அதே கோணல் மலை. அழுதேன் என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள். உண்மையில் எனக்குப் பசிதான் எடுத்தது. டப்பாவில் கிடந்த தட்டுவடையை நின்றுகொண்டே ஏழெட்டு தின்றேன்.

எழுதியதெல்லாம் தளத்தோடு காணாமல் போன கதையைத் திரும்ப ஆரம்பிக்கப் போவதில்லை. ஆடி மாதம் முழுக்க உங்கள் காதில் புலம்பியதே போதும். சேலம் குகை மாரியம்மன் பண்டிகையின் வண்டி வேடிக்கைக்குக்கூட இந்த வருஷம் போகவில்லை. சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டியில் போக, கூட்டத்தின் சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. நான் காலி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். பழைய மெயில்களைத் தோண்டி எடுத்து அனுப்பிய தோழிகள், "எனக்குப் பிடிச்சதுன்னு அப்பவே சேவ் பண்ணி வெச்சேன்" என்று ஒன்றும் இரண்டுமாகக் கொடுத்த முகம் தெரியாதவர்கள், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் ராத்திரி இரண்டு மணி வரை தேடிய பெங்களூர் தம்பி (பாதிப் பக்கங்கள் கிடைத்தன, படங்கள் பெரும்பாலும் போச்சு), ஒரு பைசா வாங்காமல் புது இடத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தவர், தினமும் போன் செய்து "வந்திருச்சா?" என்று கேட்டே உயிரை எடுத்த என் பெரியம்மா. உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இந்த மடலில் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இது ஏற்காட்டு ஐயாவுக்கு.

அவர் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வயது எண்பத்திரண்டு. காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அப்படி ஒருவர் இருப்பதே எனக்கு இந்த ஆவணி வரை தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஆட்டோ நின்றது. மாம்பழப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளை வேட்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாம்பழக் காலம் முடிந்துவிட்டதே, யாருக்கு யார் கொடுத்தனுப்பியது என்றுதான் நினைத்தேன்.

"நீதான அந்த மலைப் பொண்ணு? இந்தா கண்ணு, உன்னோடதுதான்" என்றார்.

பெட்டிக்குள் நான் இருந்தேன். 2003 முதல் 2011 வரை நான் எழுதியது அத்தனையும் தாளாக. ஏற்காட்டில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த பையன், "உங்க மலையைப் பத்தி சேலத்துல ஒரு பொண்ணு எழுதுதுங்க" என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை போய், புதிதாக வந்ததை எல்லாம் பிரிண்ட் எடுத்து வாங்கிக்கொண்டு வருவாராம். கம்ப்யூட்டரை அவர் கடைசி வரை தொட்டதே இல்லை. சென்டரை மூடியதும் நின்றுபோனது.

அந்தக் கட்டை நீங்கள் பார்க்க வேண்டும். எஸ்டேட் லெட்ஜர் மாதிரியே பழுப்பு அட்டை, இரண்டு ஓட்டை, டேக் போட்டுக் கட்டியது. ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் பென்சிலில் எண். முதல் பக்கத்தில் கோடு கிழித்து, தேதி, தலைப்பு, தாள், கொடுத்த காசு என்று நாலு பத்தி. அடியில் கூட்டல்: 412 தாள், 1,236 ரூபாய். என் எழுத்துக்கு ஒருவர் காசு செலவழித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த முதல் சந்தர்ப்பம் இது. ஓரங்களில் திருத்தங்களும் உண்டு. சேர்வராயன் கோயில் திருவிழா ஏப்ரலில் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு "மே" என்று போட்டிருந்தார். ‘பறிப்பு’ என்பதற்கு ஒற்று விட்ட இடத்தில் ஒரு சின்னப் ப்.

இதிலேயே எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அடியில் தனியாகக் கட்டி வைத்திருந்த பதினாலு தாளைப் பற்றி.

அந்தத் தாள்களில் தமிழே இல்லை. தலையில் தொப்பியும் காலில் வாலும் வைத்த ஆங்கில எழுத்துகள் வரி வரியாக. 2003-ல் தளம் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் இருந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும்: எழுத்துருவை இறக்கிப் போடாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் இப்படித்தான் தெரியும். சென்டரில் எழுத்துரு போடுவதற்கு முன்னால் எடுத்த பிரிண்ட் அவை. குப்பை. ஆனாலும் எண் போட்டு, கணக்கில் ஏற்றி, 22 வருஷம் வைத்திருக்கிறார்.

"இதை ஏங்கய்யா வெச்சிருந்தீங்க, படிக்கவே முடியாதே?"

"படிக்க முடியாதுதான். ஆனா நீ எழுதினதாச்சே. கணக்குல ஒரு தாளு குறையலாமா?"

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. ஏனென்றால் வேறு எங்கேயும் கிடைக்காத பக்கங்கள் அவைதான். மெயிலில் இல்லை, ஆவணகத்தில் இல்லை, என் பழைய சிடி தேய்ந்தே போய்விட்டது. 2005-ல் இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு முறைக்கு மாற்றியபோது "இது பிறகு" என்று ஒதுக்கி வைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை. இலவசமாகத் தளம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009-ல் மூடியபோது, நான்தான் முன்பே சொந்த இடத்துக்கு வந்துவிட்டேனே என்று ஊருக்கெல்லாம் திமிராகச் சொல்லித் திரிந்தேன். சரி, அது இருக்கட்டும்.

அக்கா மகன்தான் தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சித்தி, இது குப்பை இல்ல, வேற வேஷத்துல இருக்கு" என்றான். திஸ்கியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அதனதன் இடத்திலேயே இருக்கும். தமிழ் வடிவங்கள் குறியீட்டு வரிசையில் 128-ஆம் எண்ணுக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அந்தக் கொச கொசவுக்கு நடுவில் 1515 என்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஏற்காட்டின் உயரம், மீட்டரில். அப்படியென்றால் இது எந்தக் கட்டுரை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேன் செய்து பார்த்தோம், தொப்பிகளை எல்லாம் அது தப்பாகப் படித்தது. அப்புறம் கையால்தான். அவன் ஒரு தாள், நான் ஒரு தாள் என்று நாலு ராத்திரி, ஒவ்வொரு குறியாகத் தட்டி, திஸ்கியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டோம். மூன்றாம் நாள் எனக்கு மாற்றியே தேவைப்படவில்லை. திஸ்கியில் ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கையால் எழுதுகிற அதே வரிசை. யூனிகோடில் க முதலில் வந்துவிடும். அதனால் அந்தக் குறிகளை விரலால் தொட்டுக்கொண்டு போனபோது, 25 வயதில் நான் எழுதிய அதே வரிசையில் திரும்ப எழுதுவது போலவே இருந்தது.

அது அப்பாவும் நானும் ஏற்காடு பஸ்ஸில் போன கட்டுரை. மார்ச்சில் மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் காபிச் செடி மொத்தமும் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். அப்பா கொலுசுப் பட்டறையைச் சாத்திவிட்டு வந்த ஒரே நாள் அது. வெள்ளி பற்ற வைக்கிற ஊதுகுழல் புகையிலேயே இருந்த மனுஷன் மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். அதை எழுதியிருந்ததே எனக்கு மறந்து போயிருந்தது.

இந்த 23 வருஷத்தில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், இதனால் உனக்கு என்ன வருது என்று. பத்திரிகைகளுக்கு அனுப்பியதெல்லாம் தபால்தலை ஒட்டிய உறையில் வீடு திரும்பியது. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, இணையப் பக்கம் அமைக்கும் ஹெச்டிஎம்எல்லை நோட்பேடில் தட்டிப் பழகினேன். யாரும் திருப்பி அனுப்ப முடியாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். பட்டறை, செவ்வாய்ப்பேட்டை, பஸ் நேரம், மலை, அம்மாவின் ரசம், தோன்றியது எல்லாம் போட்டேன். அடுக்கு இல்லை, வரிசை இல்லை. யாராவது படிக்கிறார்களா என்ற கவலை முதல் மூன்று வருஷம் இருந்தது, அப்புறம் விட்டுப்போனது. படிக்க முடியாததையும் ஒருவர் டேக் போட்டுக் கட்டி வைப்பார் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக எழுதியிருப்பேன்.

இனி நான் செய்யப் போவது இரண்டு. ஐயாவின் பென்சில் திருத்தங்கள் ஒன்றுவிடாமல் தளத்தில் ஏறும். மாதம் ஒரு தடவை, எழுதியதை நானே பிரிண்ட் எடுத்துக்கொண்டு மலையேறுவேன். காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறார், கணக்கு எழுத வேண்டுமாம்.

முதல் தடவை போன ஞாயிறு போனேன். அந்தப் பதினாலு தாளையும் தமிழில் கொண்டுபோய்த் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்பா மூக்கை நீட்டிய இடத்தில் லேசாகச் சிரித்தார். "பதினெட்டு கொண்டை ஊசி வளைவும் தாண்டி பஸ் நின்றபோது" என்று நான் படித்ததும் கையை நீட்டினார்.

"இரு கண்ணு, அந்தப் பென்சிலை எடு. பதினெட்டு இல்ல, இருபது."