காடாம்புலியூர்ப் புழுதி செம்மண்டலத்தில் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு வரி போட்டிருந்தீர்கள்: "கடலூர் மாவட்டத்தில் காற்றின் தரம் திருப்திகரம்." யாருக்குத் திருப்தி என்று மட்டும் போடவில்லை.

காடாம்புலியூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், மெயின் ரோட்டோரம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் சட்டைகள் மொத்தமாக வரும். வெள்ளைத் துணியை வெட்டி வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் செம்மண் லாரி நாலு போயிருக்கும். ஒன்றிலும் தார்ப்பாய் கிடையாது. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களியாகி மெஷினில் அடிநூல் போடும் பாபின் கேஸ் இறுகிக்கொள்கிறது. "என்னக்கா, ஏரியில வச்சுத் தைக்கிறியா?" என்று கேட்கிறார் மெஷின் பார்க்க வருபவர்.

அந்த வரியைப் படித்துவிட்டு நானும் மறந்திருப்பேன். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போன இடத்தில் மேசை மேல் உங்கள் பத்திரிகைதான் கிடந்தது. "திருப்திகரம்னு பேப்பர்லயே வந்திருக்கேம்மா. உங்ககிட்ட வேற அளவு எதாவது இருக்கா?" என்றார் அங்கே இருந்தவர். என்னிடம் இருப்பது இஞ்ச் டேப். ரொம்ப நன்றி ஆசிரியரே, இத்தனை வருஷம் சந்தா கட்டியதற்கு.

பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பி மகன் போனில் தேடிக் காட்டினான். தானாக அளக்கும் கருவி கடலூரில் செம்மண்டலத்திலும், சிப்காட் பக்கம் குடிகாட்டிலும் இருக்கிறது. எங்கள் ஊருக்கும் செம்மண்டலத்துக்கும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மதியமானால் கடல்காற்று வந்து துடைத்துவிட்டுப் போகும் ஊர் அது. ரோட்டுப் புழுதியில் கனமானது எழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே படிந்துவிடும், செம்மண்டலம் வரை வந்து ஆஜர் கொடுக்காது. உங்களுக்குத் தெரியாததா இது? அப்புறம் அந்தக் கணக்கு 24 மணி நேரச் சராசரி. விடியற்காலை 4 மணியிலிருந்து 9 மணி வரை லாரி ஓடும் நேரத்தையும், ஊர் உறங்கும் நேரத்தையும் ஒன்றாகக் கலக்கி வகுத்தால் எந்த ஊரும் திருப்தியாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொன்னான். "திருப்திகரம்" என்பது அரசாங்கம் வைத்திருக்கும் ஒரு படியின் பெயராம். காற்றுத் தரக் குறியீடு 51 முதல் 100 வரை. குறியீடு அதைவிடக் குறைந்த நல்ல காற்றுக்கு "நன்று" என்று தனியாக ஒரு படி இருக்கிறது. திருப்திகரத்திலேயே, எளிதில் பாதிக்கப்படுகிறவர்களுக்கு லேசான மூச்சுச் சிரமம் வரலாம் என்றுதான் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். சரி, என் மாமியாருக்குத் திருப்திகரமாகத்தான் இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் "வீட்ல விறகடுப்பா?" என்று முதல் கேள்வி. கேஸ் வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது என்றால் நம்புவதில்லை.

2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்ததும் நகரங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. கிராமத்தில் காற்று தானாகவே நல்லதாக இருக்கும் என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரு காலத்தில் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முந்திரித் தோப்பு, அதைத் தாண்டிப் பலா. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எல்லாவற்றையும் படுக்க வைத்துவிட்டது. அன்றைக்கும் உங்கள் முதல் பக்கத்தில் கடலூர் கடற்கரையும் புதுச்சேரியும்தான். பண்ருட்டிப் பலா மூன்றாம் நாள் உள்பக்கத்தில் வந்தது. மரத்துக்கு இவ்வளவு என்று நஷ்டம் கணக்கிட்டார்கள். புழுதியைத் தடுத்துக்கொண்டிருந்ததற்கு யாரும் கணக்கிடவில்லை. மிச்சம் நின்ற ரோட்டோரப் புளியமரங்களைச் சாலையை அகலப்படுத்த வெட்டினார்கள். போன வருஷம் தண்ணீர் லாரி ஒரே ஒரு நாள் வந்து தெளித்தது, போட்டோ எடுத்தவர் நனையாத அளவுக்கு. அந்தப் போட்டோவும் உங்கள் பத்திரிகையில்தான் வந்தது. அதற்கு இடம் இருந்தது.

கோபத்தில் அதிகம் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான். அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் போடும்போது "கடலூர் மாவட்டம்" என்று போடாமல் "செம்மண்டலத்தில் அளந்தது" என்று போடுங்கள். இரண்டு சொல்தான், இடம் அடைக்காது. முடிந்தால் கையடக்கமான கருவி ஒன்றோடு உங்கள் நிருபரை ஒரு நாள் அனுப்புங்கள். பனிக்காலத்தில் வேண்டாம், ஈரம் இருந்தால் அந்தச் சின்னக் கருவிகள் கூட்டிக் காட்டுமாம். அப்புறம் அதையும் பொய் என்பார்கள். பங்குனி, சித்திரையில் வரட்டும். காலை 5 மணிக்கே கடையைத் திறந்து வைக்கிறேன். பிளக் பாயிண்ட் இருக்கிறது, கரண்ட் காசு நான் கட்டிக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
காடாம்புலியூர் அருகே, கடலூர் மாவட்டம்.