புயல் பேச்சைக் குறைக்க ஸ்டார் ஒட்டும் டீச்சர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற, தெரப்பி கொடுக்கிற எல்லோருக்கும் வணக்கம். ஒரு தம்பிக்கு அக்காவாக எழுதுகிறேன். யார் பெயரையும் இழுக்கப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

சில பிள்ளைகளுக்கு ரயில் மேல் பித்து, சிலருக்கு லிஃப்ட், சிலருக்கு பஸ் ரூட். என் தம்பிக்குப் புயல். கடலூர் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாச்சு என்று செய்தி வந்தால் நாமெல்லாம் மெழுகுவத்தி வாங்க ஓடுவோம். அவனோ பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கும் எப்படித் தொங்கும், 8-க்கும் 9-க்கும் வித்தியாசம் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான், இப்படி ஆரம்பித்து 11 வரை வந்துதான் நிற்பான். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருளாம். அதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். அதில் என்ன சிரிப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் நானும் சிரித்துவிடுவேன்.

புயல்களின் பெயரும் அத்துப்படி: 'தானே' மியான்மர் வைத்த பெயர், 'நிவர்' ஈரான், 'ஃபெஞ்சல்' சவுதி அரேபியா. 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து 2020-ல் வெளியிட்ட பட்டியலில் 169 பெயர்கள். இதெல்லாம் நான் தேடிப் படித்ததில்லை, சோறு பரிமாறும்போது காதில் விழுந்தது.

சொந்தக்காரர்கள் "நல்ல நாளும் அதுவுமா புயல்னு வாயைத் திறக்காதே" என்பார்கள். விடுங்கள், அவர்களுக்கு வேறு மடல் எழுத வேண்டும். உங்களிடம் கேட்க வேண்டியது தம்பியைப் பற்றி நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பற்றி: 'புயல் பற்றிய பேச்சைக் குறைத்தல்'. இதை ஏன் இலக்கு என்று எழுதினீர்கள்? டாக்டர்கள் வைத்திருக்கும் 2013-ம் வருஷத்து டிஎஸ்எம்-5 கையேட்டில், அளவுக்கு மீறிய ஈடுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது, சரி. அடையாளம் காணக் கொடுத்த பட்டியலை ஒழித்துக்கட்ட வேண்டியவற்றின் பட்டியலாக யார் மாற்றினார்கள்?

அப்புறம் அந்தச் சார்ட். அமைதியாக உட்கார்ந்தால் ஒரு ஸ்டார், முகத்தைப் பார்த்துப் பேசினால் ஒரு ஸ்டார், வரிசை நிரம்பினால் பத்து நிமிஷம் சாட்டிலைட் படம் பார்க்கலாம். அவனுக்கு ஏற்கெனவே சொந்தமாக இருந்த சந்தோஷத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவனுக்கே கூலியாகக் கொடுக்கிறீர்கள். சார்ட்டை ஒரு தடவை கிட்டே போய்ப் பார்த்தேன். ஒட்டிய ஸ்டாரைப் பிய்த்த இடங்களில் பசை காய்ந்து பேப்பர் உரிந்திருந்தது. அடம் பிடித்ததற்காக எடுத்தோம் என்றார்கள். அன்றைக்கு வகுப்பில் ஃபேன் காலையிலிருந்தே கிறீச்சிட்டது, மதியம் வேறொரு பையன் இவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான், இது எதுவும் எங்கேயும் எழுதப்படவில்லை. மனசு கலங்கும்போதுதான் அவன் புயல் பேச்சு அதிகமாகும். பிடித்து நிற்க அவனுக்கு இருப்பதே அது ஒன்றுதான், முதலில் அதையே பறித்தால் எப்படி?

டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் 2005-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. 'மோனோட்ரோபிசம்' என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பத்துப் பக்கம் பிரியாமல் ஒன்றிரண்டு விஷயங்களில் முழுசாக இறங்கிவிடும், அதற்கு வெளியே நடப்பது சரியாக உறைக்காது என்பது அவர்கள் வாதம். அப்படி மூழ்கியிருப்பவனைக் கைதட்டி வெடுக்கென்று இழுத்துவிட்டு, அவன் கத்துவதை 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதுகிறோம். ஐந்து நிமிஷம் முன்னால் சொல்லிவிட்டுக் கூப்பிட்டால் பெரும்பாலும் வந்துவிடுவான்.

ராத்திரி இரண்டு மணி வரை பேச விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கும் தலை வலிக்கும். ஆனால் கொட்டாவி விடுவது, கடிகாரத்தைப் பார்ப்பது, "ம்ம் ம்ம்" என்பது, இந்த ஜாடை ஒன்றும் அவனிடம் எடுபடாது. "இப்போ போதும்டா, ஏழு மணிக்குக் கேட்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள், ஏழு மணிக்கு மறக்காமல் கேளுங்கள். நீங்கள் மறந்தாலும் அவன் மறக்க மாட்டான்.

அக்கம்பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது, அவ்வளவுதான் என்று தெருவே தூங்கப் போனது. இவன் மட்டும் "நகரலை, அங்கேயே நிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நின்றது, கொட்டித் தீர்த்தது. மறுநாள், "வாயைக் கழுவுடா" என்று முன்பு சொன்னவர்களே வாசலில் வந்து, "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் பெய்யும்?" என்றார்கள். ஜனவரி பிறந்ததும் பழையபடி "சும்மா இருடா". இதைச் சாட்சியாக வைக்க எனக்கு இஷ்டமே இல்லை. உபயோகம் இருந்தால்தான் பேசலாம் என்றால், ஃபேன் இறக்கையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எந்தச் சாட்சியைக் கொண்டுவரும்? விருந்தாளி வந்தால் "டேய், தானே எப்ப வந்துச்சு சொல்லு" என்று ஆட வைப்பதும் எனக்கு ஆகாது.

மேப், தசமம், திசைகள் எல்லாவற்றையும் புயல் வழியாகச் சொல்லிக் கொடுக்கலாம், செய்யுங்கள், சந்தோஷம். ஆனால் எல்லாப் புயலுக்குள்ளும் பாடத்தை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் அதுவும் கசந்துவிடும்.

அடுத்த மீட்டிங்குக்கு அம்மாவோடு நானும் வருகிறேன். அந்த வரியை அடித்துவிட்டு, 'பேச ஆரம்பிக்கும் முன் எதிரில் இருப்பவருக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்கப் பழகுதல்' என்று எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். சார்ட்டை அதற்கு முன்பே கழற்றிவிட்டால் நல்லது.