வாடையை மறைக்காதே

அன்பு மகளுக்கு,

காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. மெக்கானிக் "பழைய வண்டின்னா அப்படித்தாம்மா" என்று அனுப்பிவிட்டார், நீயும் டேஷ்போர்டில் ஒரு வாசனை டப்பாவை வைத்துவிட்டாய். முதலில் அதை எடு. எங்கே கோளாறு என்று நமக்குக் காட்டப்போவதே அந்த வாடைதான்.

நம் மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற பாகம்தான் கார்புரேட்டர். எத்தனை வயதானாலும் உள்ளே பெட்ரோல் வாடை வரக் கூடாது. வந்தால் எங்கோ கசிகிறது.

எப்போது வருகிறது என்று கவனி, பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். டேங்கை நிரப்பிய அன்று மட்டும் பின்பக்கம் தூக்கலாக இருந்தால், மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயைப் பார்க்கச் சொல். டேங்கின் மேல் இருக்கும் அளவு காட்டும் மிதவையின் கேஸ்கெட்டையும், அதாவது கசியாமல் அடைக்கும் வளையத்தையும், பார்க்க வேண்டும். எனக்கு அதிக சந்தேகம் குழாய் மேல்தான். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்குவதற்கென்று செய்ததல்ல, உப்பி விரிசல் விட்டுவிடும்.

முன்பக்கமிருந்து வருகிற மாதிரி இருந்தால், பிளோயரைப் போட்டு வெளிக்காற்றுத் திறப்பைத் திறந்தும் மூடியும் பார். திறந்தால் கூடி, மூடினால் குறைந்தால் இன்ஜின் பக்கம்தான். வண்டியை நிறுத்தியதும் சூட்டில் கார்புரேட்டரிலிருந்து பானெட் பக்கம் லேசாக வாடை வருவது சகஜம். ஆனால் கார்புரேட்டர் வெளியே ஈரமாக இருந்தால் அதற்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்திருக்கலாம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே பார்க்கச் சொல். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும், கறை மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதே. இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்து பார். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து அளவும் ஏறியிருந்தால், பெட்ரோல் பம்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மூடிய ஷெட்டில் வண்டியை விடாதே. கதவைத் திறந்ததும் வாடை தூக்கினால், லைட் சுவிட்சைத் தொடாமல் காற்றாட விட்டுவிட்டு வெளியே வந்துவிடு. கசிவைத் தேடுகிறேன் என்று லைட்டர் கொளுத்துகிறவர்கள் உண்டு, அப்படி யாரையும் வண்டிப் பக்கம் விடாதே. அது சரியாகும்வரை குட்டியைப் பள்ளிக்கு ஆட்டோவில் அனுப்பு. செலவை நான் தருகிறேன்.

குழாய் மாற்றும்போது கடையில் இருக்கிற ஏதோ ஒன்றைப் போட விடாதே. எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற எரிபொருள் குழாய் என்று கேட்டு வாங்கு, கிளிப்புகளும் புதிதாகவே இருக்கட்டும். பழைய குழாயைத் தூக்கிப் போடச் சொல்லாதே, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா